பழகிய இரும்பு

முதல் தடவை சூடு ஏறியபோது தமயந்திக்கு வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வலிக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தாள். ஒரு நீளப் படுக்கை, அதைச் சுற்றி ஆளுயரச் செம்பு வளையம். கைநரம்பு வழியாகக் கடுங்காப்பி நிறத்தில் மருந்து ஏறி முடிந்ததும் வளையம் சன்னமாக முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில், முதுகெலும்பை ஒட்டி, யாரோ உள்ளங்கையை வைத்தது போல ஒரு வெதுவெதுப்பு. தோலின் மேல் இல்லை, உள்ளே.

திண்டுக்கல்லில் பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டரும் காரும் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் அவளுடையது. கணவன் கதிரேசன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தான். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணையத்தில் கட்டி, அறுத்து எடுக்க முடியாத இடம் என்று தெரிந்தபோது போன இடமெல்லாம் கைவிரித்தார்கள். கடைசியாக யாரோ சொல்லித்தான் மதுரைக்கு வெளியே, நாலுவழிச் சாலையை ஒட்டியிருந்த அந்தச் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார்கள்.

அங்கே தலைமை மருத்துவர் மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் அரசி டாக்டர். நரைத்த முடிக்குச் சாயம் போடாத, நாற்காலியில் சாய்ந்து உட்காராத பெண். முதல் நாளே புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கீமோ மருந்து உடம்பு முழுக்க ஓடி, நல்லதையும் சேத்து அழிக்கும். நாங்க மருந்தை இரும்புத் துகள் மேல ஏத்தி அனுப்புறோம். கண்ணுக்குத் தெரியாத துகள். அது கட்டிக்குள்ள போய் உக்காந்ததும் வெளிய காந்தத்தை முடுக்குவோம். துகள் சூடாகும், கட்டி இளகும், இளகுற நேரத்துல மருந்து இறங்கும். சூடு மட்டும் பத்தாது, மருந்து மட்டும் பத்தாது. ரெண்டும் ஒரே இடத்துல ஒண்ணா நடக்கணும்."

கட்டி எங்கே இருக்கிறது என்று துகளுக்கு எப்படித் தெரியும் என்று கதிரேசன் கேட்டான். "பழக்கம்தான்" என்றார் டாக்டர். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் எட்டுச் சூடு. மூன்றாவது முடிந்து எடுத்த படத்தில் கட்டி பாதியாகியிருந்தது. கதிரேசன் அந்தப் படத்தைக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். தமயந்திக்குப் பசி திரும்பியது. காலையில் மைதானத்துக்குப் போய்ப் பெண்கள் வண்டி ஓட்டுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து இட்லிக்குக் கடலைச் சட்னி வைத்து ஆசையாகச் சாப்பிட்டாள். கைகழுவ எழுந்தபோது உதடு தடித்திருந்தது. பிறகு கண் மூடிக்கொண்டது, தொண்டை இறுகியது. கதிரேசன் பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டபிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த முறை போனபோது அதை டாக்டரிடம் சொன்னாள். சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை, முகமெல்லாம் வீங்கிவிட்டது என்றுதான் சொன்னாள். கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்த டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"கடலையா?"

தமயந்தி கடலை என்று சொல்லியிருக்கவில்லை. டாக்டரின் விரல்கள் நின்றன. சிலருக்கு அப்படி வருவதுண்டு, கொஞ்ச நாள் கடலையைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

காத்திருக்கும் கூடத்தில் அன்று ஒரு இளம் தம்பதி புதிதாக வந்திருந்தார்கள். பெண்ணின் பெயர் முத்தரசி. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. புருஷன் தவமணி அதே மார்க்கெட்டில் பூ ஏற்றும் வேன் ஓட்டினான். அவளுக்கும் கணையம்தான். இன்னும் சூடு ஆரம்பிக்கவில்லை, பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. பயத்தை மறைக்கத் தெரியாமல் எல்லாரிடமும் பேசிக்கொண்டே இருந்தாள். டப்பாவைத் திறந்து கடலை உருண்டையை வரிசையாக நீட்டினாள்.

முதலில் ஒரு பெரியவர் கையை மறித்தார். தனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இங்கே வந்த பிறகுதான் இப்படி என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தனக்கும் என்றாள். அவளுக்கு அடுத்து இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவையே பார்த்தார். தமயந்தியிடம் வந்தபோது முத்தரசி சிரித்துவிட்டாள். "என்னக்கா, ஊருல ஒருத்தருக்கும் கடலை ஆகாதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தமயந்தி அன்று வீட்டுக்குக் கிளம்பாமல் டாக்டர் அறை காலியாகும்வரை இருந்தாள். உள்ளே போய், என் உடம்புக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

புதுத் துகளை அப்படியே ஏற்றினால் உடம்பு அதை அந்நியன் என்று பிடித்துக் கல்லீரலில் தள்ளிவிடும். கட்டிக்குப் போய்ச் சேருவது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அதே நோய் உள்ள ஒருவர் ரத்தத்தில் சுற்றி, அந்தக் கட்டியோடு பழகிய துகளின் மேல் மெல்லிய உறை ஒன்று படிகிறது. அந்த உறை இருந்தால் வேறு உடம்புக்குள் போனாலும் துகள் நேராகக் கட்டியைத் தேடிப் போகும். அதைச் சோதனைக் கூடத்தில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. வேறு பலர் ரத்தத்தில் முயன்றார்கள், அதிலும் படியவில்லை. ஒரே ஒருவர் ரத்தத்தில்தான் படிந்தது. உறையில் அவருடைய ரத்தப் புரதமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அவருக்கு ஆகாதது கொஞ்ச காலத்துக்கு இவர்களுக்கும் ஆகாது. டாக்டர் இவ்வளவும் சொன்னார். அவர் பெயரை மட்டும் கேட்கக்கூடாது என்றார்.

அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று தமயந்தி தானாகவே முடிவு செய்துகொண்டாள். கண்ணைத் தானம் கொடுப்பதில்லையா, அது போல.

அன்றிலிருந்து சாயங்காலம் சாமி விளக்கோடு இன்னொரு அகலும் ஏற்றினாள். இது யாருக்கு என்று கதிரேசன் கேட்டான். பெயர் தெரியாது என்றாள். ஆடி அமாவாசை வந்தது. தலைக்குக் குளித்து, வாழைக்காயும் பருப்பும் சமைத்து, தன் அப்பா அம்மாவுக்கு வைத்ததோடு அந்தப் பெயர் தெரியாதவருக்கும் ஒரு உருண்டை சோறு மொட்டைமாடியில் காக்கைக்கு வைத்தாள். காக்கை உடனே வந்து எடுத்தது. அவளுக்கு மனம் நிறைந்து போனது.

ஐந்தாவது சூடு முடிந்து கேன்டீனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். காதில் சின்னத் தோடு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு அம்மாள் சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். சட்னி வேண்டாம், பொரியல் நல்லெண்ணெயில்தானே, சாருக்குக் கடலை வாசம் பட்டாலே ஆகாது, சின்ன வயதிலிருந்தே அப்படி என்றார்.

"தெரியாதாம்மா எனக்கு? ரெண்டு வருஷமா நான்தான குடுத்துவிடுறேன்" என்றார் சமையல்காரர்.

தமயந்தி டம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மாளின் பின்னாலேயே மாடியேறினாள். இரண்டாம் மாடி, கடைசி அறை. ஒரு மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை ஒவ்வொன்றாக மேலே தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனாலும் முதுகு நேராக இருந்தது. வாசலில் நின்றவளைப் பார்த்து, யாரைத் தேடுறீங்கம்மா என்றார். தானும் இங்கே வைத்தியம் பார்க்கிறவள்தான், வழி தவறி வந்துவிட்டேன் என்று சொன்னாள். அந்த அம்மாள், பெயர் லில்லி, உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், யாராவது வந்தால் நல்லதுதான் என்றார்.

அவர் மாசிலாமணி. பெரியகுளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். அவர் தயார்செய்த வாலிபால் அணிகள் மாநிலப் போட்டிவரை போயிருக்கின்றன. தன் நோயைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்.

"வளரவும் இல்ல, கரையவும் இல்லம்மா. ரெண்டு வருஷமா ரெண்டு பக்கமும் சமமா டியூஸ்லயே நிக்குது. வாரம் ஒருக்கா ரத்தத்தை வெளிய எடுத்து, காந்தத்துல காட்டி, பழைய துகளை உறிஞ்சிட்டுப் புதுசு ஏத்துறாங்க. எல்லாத்தையும் சுத்தமாத்தான் செய்றாங்க. ஆனா கட்டி மட்டும் அசைய மாட்டேங்குது."

அந்தப் பழைய துகள் எங்கே போகிறது என்று தமயந்திக்குத் தெரிந்தது. அவள் எப்போது எழுந்தாள், என்ன சொல்லி விடைபெற்றாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. படியில் இறங்கும்போது மொட்டைமாடியும் காக்கையும்தான் கண்முன் நின்றன. உயிரோடு முழங்காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அவள் பிண்டம் வைத்திருக்கிறாள்.

நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"அவரு உயிரோட இருக்காரு" என்றாள்.

டாக்டர் மறுக்கவில்லை. "உயிரோட இருந்தாத்தான் ரத்தம் ஓடும். கட்டி இருந்தாத்தான் துகள் பழகும்."

"கட்டி இல்லாமப் போனா?"

"பழக எதுவும் இருக்காது."

தமயந்தி அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தாள். கேட்கத்தான் வேண்டியிருந்தது. "அவரைக் குணமாக்க முடியுமா முடியாதா, டாக்டர்?"

டாக்டர் மேஜைமேல் கைகளை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "அவருக்கு வைக்கிற சூடு ரெண்டு டிகிரி கம்மி. நான்தான் குறைச்சு வச்சிருக்கேன். அந்த ரெண்டு டிகிரியையும் வச்சா மருந்து உள்ள இறங்கிரும், கட்டி போயிரும். போயிட்டா உங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் முப்பது பேரு எழுந்து நடந்து போயிருக்காங்க தமயந்தி. நீங்களும் போவீங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாம இருக்கிறவரைக்கும் அது என் பாவம். என்னோட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்துதான் கதிரேசனிடம் எல்லாம் சொன்னாள். நாளைக்கே போய் அந்த வாத்தியாரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். கெட்டவன் இல்லை அவன். கடையில் யாராவது செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போனால் தேடிக்கொண்டுபோய்க் கொடுப்பவன்.

"சொன்னா நிறுத்திருவாங்க. உனக்கு இன்னும் மூணு இருக்கு. முடிச்சிட்டுச் சொல்லு. முடிச்ச மறுநாளே நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. டாக்டர் அறையிலேயே தனக்குத் தோன்றியதை அவன் வாயால் சொல்லிவிட்டான்.

அந்த மூன்றையும் அவள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் வளையத்துக்குள் படுத்ததும் அந்த உள்ளங்கை உள்ளே வந்து உட்கார்ந்தது. இப்போது அது யாருடைய கை என்று தெரியும். கண்ணை மூடினால் ஜன்னல் கம்பியைப் பிடித்த அந்த மெலிந்த விரல்கள் தெரிந்தன. சூடு முடிந்ததும் மாடிக்குப் போவாள். நல்லெண்ணெயில் சுட்ட பணியாரம், எலுமிச்சம் சாதம், முருங்கைக்கீரை அடை என்று எதையாவது கொண்டுபோவாள். லில்லிக்கு அவள் வரும் நாள் திருவிழா போல ஆகிவிட்டது. சார் உன் கையால் கொடுத்தால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறார் என்பார். மாசிலாமணி அவளுக்கு மூச்சை எண்ணி இழுத்து எண்ணி விடக் கற்றுக்கொடுத்தார். வளையத்துக்குள் படுத்திருக்கும்போது அப்படிச் செய்தால் படபடப்பு வராது என்றார். அவளும் அப்படியே செய்தாள். படபடப்பு குறைந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கீழே கூடத்தில் முத்தரசி இருப்பாள். அவளுக்கும் சூடு ஆரம்பித்திருந்தது; தமயந்திக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் இவளுக்கு வாரம் ஒன்று. கட்டி சுருங்குகிறது என்று சொல்லி, தமயந்தியின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டினாள். குணமானதும் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போகிறாள், தவமணியின் வேனுக்குக் காத்து நிற்காமல் மார்க்கெட்டுக்குத் தானே போகப் போகிறாள். "உங்ககிட்டதான்க்கா வருவேன். பாதி ஃபீஸ்தான் தருவேன்" என்றாள்.

எட்டாவதும் முடிந்தது. படத்தில் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. அரசி டாக்டர் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். கதிரேசன் அழுதான்.

சொன்னபடி மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். தான் மேலே வரவில்லை, கீழே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். லில்லி மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம். மாசிலாமணி படுக்கையில் சாய்ந்திருந்தார், முன்பு போல ஜன்னலருகில் நிற்க முடியவில்லை. தமயந்தி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். துகள், உறை, குறைத்து வைத்த இரண்டு டிகிரி, தனக்குத் தெரிந்தது எப்போது என்பது, தெரிந்தும் மூன்று சூடு எடுத்துக்கொண்டது. எதையும் விடவில்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "உங்களுக்கு முடிஞ்சிருச்சாம்மா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு சார்."

"எல்லாரும் முடிச்சிட்டுத்தான் வர்றாங்க."

தமயந்தி படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் ஒரு பொண்ணு வந்துச்சு, கைக்குழந்தைக்காரி. காலைத் தொட்டுட்டு அழுதுச்சு. அதுதான் முதல்ல சொன்னது. பெறகு ஒரு காலேஜுப் பையன். பெறகு ஒரு பேங்க்காரம்மா. நீங்க ஆறாவது ஆளு."

அப்படியானால் டாக்டரிடம் ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டாள். கேட்டிருந்தால் இன்றைக்கு எழுந்து நடமாடிக்கொண்டிருப்பீர்களே என்றாள்.

"கேக்கத்தான் போனேன். அந்தக் கைக்குழந்தைக்காரி சொன்ன அன்னைக்கே சட்டையை மாட்டிக்கிட்டுக் கீழ இறங்கினேன். கூடத்துல அந்தக் காலேஜுப் பையன் உக்காந்திருந்தான். அவனுக்கு இன்னும் பாதி இருக்குன்னு சொன்னாங்க. திரும்பி வந்துட்டேன். அவனுக்கு முடிஞ்சா இன்னொருத்தர். எப்பப் பாத்தாலும் நடுவுல ஒருத்தர் இருக்காங்கம்மா. நான் தியாகின்னு நெனச்சிராதீங்க. எனக்குக் கோபம் உண்டு. ராவும் பகலும் கோபம்தான். நடுவுல இருக்கிற ஆளு, ஒரே ஒரு ஆளு, மேல ஏறி வந்து, சார் இப்படி நடக்குது, நிறுத்திக்கங்கன்னு சொன்னாப் போதும். அன்னைக்கே நிறுத்திருப்பேன். நிம்மதியா நிறுத்திருப்பேன். அதுக்குத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சற்று நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "அந்த ஒரு ஆளு நீங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க அஞ்சாவதுலயே மாடி ஏறி வந்தீங்கல்ல."

லில்லிக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார்.

கீழே வந்தாள். கூடத்தில் முத்தரசி தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு ஆறாவது சூடு முடிந்திருந்தது. தமயந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். இவள் மாடியேறிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதருக்கு அது போதும். முத்தரசி செல்போனை எடுத்து ஒரு ஸ்கூட்டரின் படத்தைக் காட்டினாள். மயில்நீல நிறம். தவமணி முன்பதிவு செய்துவிட்டானாம். முன்பு வேறிடத்தில் எடுத்த கீமோவில் கொட்டி, தலையில் கட்டியிருந்த துணிக்குக் கீழே இப்போது புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டே, வண்டி வரும்போது முடியும் வளர்ந்துவிடும் இல்லையாக்கா என்று கேட்டாள்.

வளர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு தமயந்தி எழுந்தாள். டாக்டர் அறைக்குப் போய், மாசிலாமணிக்கு எல்லாம் தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும் என்றாள்.

அரசி டாக்டர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கணினியைத் தமயந்தி பக்கம் திருப்பினார். மாசிலாமணியின் புதுப் படம். கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது.

"பரவ ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரம் முழுச் சூடு குடுத்தா பிழைப்பாரு. தள்ளிப் போட்டா எவ்வளவு குடுத்தும் பிரயோஜனம் இல்ல. ஆனா மத்தவங்களுக்கு முடிஞ்சிருச்சு, முத்தரசிக்கு மட்டும் இன்னும் ரெண்டு இருக்கு. எடுத்து வச்ச துகள் நாலஞ்சு நாள்ல உறை கழண்டுரும், சேத்து வைக்க முடியாது." கண்ணாடியைக் கழற்றினார். "ஆறோட நிறுத்தினா அவளுக்குத் திரும்பி வந்துரும்னு சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. ஒரு வாரமா இதையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டாக்டர் தன்னிடம் சம்மதம் கேட்கவில்லை என்று தமயந்திக்குத் தெரியும். கேட்க வேண்டிய ஆள் மாடியில் ஒருவர், கூடத்தில் ஒருத்தி. ஆனாலும் அந்த அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

"குடுங்க டாக்டர்" என்றாள்.

அந்த வாரமே கொடுத்தார்கள்.

மாசிலாமணி இரண்டு மாதத்தில் எழுந்து நடந்தார். கல்லீரலில் இருந்த புள்ளியும் போய்விட்டது. பெரியகுளத்துக்குத் திரும்பிப் போனார்கள். லில்லி அடிக்கடி போனில் கூப்பிட்டு, சார் காலையில் மைதானத்துக்குப் போகிறார், விசில் சத்தம் வீட்டுக்குக் கேட்கிறது என்று சொல்லுவார். வேறு இரண்டு பேர் ரத்தத்தில் உறை படியுமா என்று அரசி டாக்டர் முயன்று பார்த்தார். படியவில்லை. வளையம் இருந்த அறையைப் பூட்டினார்கள். அவர் சாதாரண கீமோ வார்டில் வேலை பார்க்கத் தொடங்கினார். மருந்து ஏறும் நேரம் முழுக்க நோயாளிகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார் என்று அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

முத்தரசியிடம் மருந்து வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். "வந்ததும் கூப்பிடுறேன்னாங்கக்கா" என்றாள். மயில்நீல ஸ்கூட்டர் வந்துவிட்டது. தமயந்தி நிலக்கோட்டைக்கே போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்து, தூரத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டே போனாள். முத்தரசி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு அவள் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து வியாபாரிகள் கைதட்டினார்கள். ஃபீஸைக் கொடுக்க வந்தபோது தமயந்தி வாங்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டதற்கு எதையோ சொல்லி மழுப்பினாள்.

ஐப்பசியில் முத்தரசிக்கு வலி திரும்பியது. மார்கழி தாண்டவில்லை.

பந்தல் போட்ட வீட்டுக்குத் தமயந்தியும் கதிரேசனும் போனபோது மாசிலாமணியும் லில்லியும் முன்னாலேயே வந்திருந்தார்கள். லில்லி யார் மூலமோ கேள்விப்பட்டாராம், நம்மோடு வைத்தியம் பார்த்த பெண்ணாயிற்றே, பார்க்காமல் இருக்கலாமா என்றார். தவமணி இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான். முகம் வறண்டிருந்தது, அழுகை எப்போதோ தீர்ந்திருந்தது. தமயந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"உங்களையும் நீங்க சொன்ன இந்தச் சாரையும்தான்க்கா சொல்லிக்கிட்டே இருந்தா. அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சிட்டாங்கல்ல, நானும் எந்திரிச்சிருவேன்னு" என்றான். பிறகு யாரோ கூப்பிட, மாலைகளை வாங்கப் போனான்.

தமயந்தி பந்தலுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். மாசிலாமணி அங்கே வந்தார். உடம்பில் சதை பிடித்திருந்தது, தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பக்கத்தில் வந்து நின்றாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குச் சூடு வேற மாதிரி இருந்துச்சு. உடனே தெரிஞ்சிருச்சு எனக்கு" என்றார் மெதுவாக. "டாக்டர்கிட்ட ஒண்ணும் கேக்கல. அப்ப நடுவுல இருந்தது இந்தப் பொண்ணுதான?"

"ஆமா சார்."

"அதுவே வந்து சொல்லிச்சா? நிறுத்திக்கங்கன்னு?"

உள்ளே பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. லில்லி பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து முத்தரசியின் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிற மனிதரின் மூச்சு, எண்ணி இழுத்து எண்ணி விடுகிற மூச்சு, காதில் கேட்டது.

"ஆமா சார்" என்றாள். "அவளேதான் வந்து சொன்னா."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பந்தலுக்குள் போய், முத்தரசியின் தலைமாட்டில் நின்றார். கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் இறக்கி, முதுகு வளையாமல் நின்றார். நகரச் சொன்னவர்களும் பிறகு விட்டுவிட்டார்கள். தூக்கும்வரை அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். தமயந்தி அந்த மரத்தடியை விட்டு உள்ளே போகவில்லை.